காசிமேட்டில் மெசேஜ் ஆப் கம்பெனி நடத்தும் நாலு பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுக ஏலக்கரைக்காக, மீன் வரத்தையும் விலையையும் சொல்லும் ஒரு குரல் மெசேஜ் ஆப் செய்து நடத்திக்கொண்டிருக்கிறோம். டீக்கடையிலும் சரி, பாலிடெக்னிக்கில் பேசக் கூப்பிட்ட இடத்திலும் சரி, ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

அந்த நாலு பேர் யார்?

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 11 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். இரண்டாவது ஆள் காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அக்கா. மூன்றாவது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து 2020-ல் விருப்ப ஓய்வில் வந்த மாமா. என் அம்மாவுக்குத் தம்பி முறை. நாலாவது, டிப்ளமோ கம்ப்யூட்டர் முடித்த வியாசர்பாடிப் பெண். ஆப்பின் கோட் முழுக்க எழுதியது அவர்தான். நாங்கள் மூன்று பேரும் குறை மட்டும் சொல்வோம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?

கொடுங்கையூரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ ஒரு மீன்காரம்மா விடிகாலை ஷேர் ஆட்டோ பிடித்து கரைக்கு வருகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு வந்தது முழுக்கப் பெரிய வஞ்சிரம். அவர் கையில் இருப்பது சங்கராவும் மத்தியும் வாங்கும் காசு. ஆட்டோக் காசு போச்சு, நாள் போச்சு. மூன்று மணிக்கே "இன்னிக்கு நெத்திலி நிறைய, கானாங்கத்தை சுமார்" என்று ஒரு குரல் கேட்டிருந்தால் அவர் வீட்டிலேயே முடிவு எடுத்திருப்பார்.

இதற்கு வாட்ஸ்அப் குழு இருந்தது, நாங்களே வைத்திருந்தோம். அதில் காலை வணக்கம் ரோஜாப்பூ, கட்சிக் கூட்ட வீடியோ, யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழ் எல்லாம் வரும். நடுவில் எங்கோ விலை இருக்கும். இதில் என் கடைக்கு வருமானம் வந்தது உண்மை: மெமரி நிறைந்து நின்றுபோன போன்களைத் துடைத்துக் கொடுத்தே மாசச் செலவு ஓடியது. நாலு மணி விலை ஏழு மணிக்குச் செல்லாது, ஆனால் அந்த மெசேஜ் மட்டும் போனில் ஆறு மாசம் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆப்பில் அது மத்தியானம் 12 மணிக்குத் தானாக அழிந்துவிடும். படம் அனுப்ப முடியாது. குரல் மட்டும், அதுவும் 30 நொடிதான்.

ஐஐடி, அண்ணா யுனிவர்சிட்டி ஆள் ஒருவராவது வேண்டாமா?

வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். ஆனால் அது தகுதி என்று யார் சொன்னது? வாட்ஸ்அப்பை 2009-ல் தொடங்கிய இருவரில் யான் கூம், உக்ரைனிலிருந்து அம்மாவோடு அமெரிக்கா போய், அரசு உணவுக் கூப்பனில் வளர்ந்தவர். இன்னொருவர் பிரையன் ஆக்டன், அதே வருஷம் பேஸ்புக்கில் வேலை கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவர். 2014-ல் அதே பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அவர்கள் கம்பெனியை வாங்கியது. அப்போது அங்கே வேலை பார்த்தது ஐம்பது சொச்சம் பேர்தான்.

இந்தப் பக்கம் ஹைக் என்ற இந்திய மெசேஜ் ஆப்பின் கதையும் இருக்கிறது. ஏர்டெல் சுனில் மித்தலின் மகன் 2012 டிசம்பரில் தொடங்கினார். பணத்துக்குக் குறைவில்லை, நல்ல ஆட்களுக்கும் குறைவில்லை. 2021 ஜனவரியில் மூடிவிட்டார்கள். பணமும் பட்டமும் கெடுதல் என்று சொல்லவரவில்லை. மெசேஜ் ஆப்பைப் பொறுத்தவரை, யாருக்கு யாரிடம் அவசரமாக என்ன சொல்லவேண்டியிருக்கிறது என்பது தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே இருக்கவேண்டும். எங்களிடம் அது ஏலம் விடும் அக்கா. தினமும் முன்னூறு பேருக்குக் கேட்கும்படி கத்துவதுதான் அவர் தொழில்.

முதலீட்டாளர் ஒருவர் முதல் சந்திப்பிலேயே "உங்கள் சிடிஓ எந்த காலேஜ்?" என்று கேட்டார். சிடிஓ என்றால் தொழில்நுட்பத் தலைவர், எங்களுக்கு வியாசர்பாடிப் பெண். பாலிடெக்னிக் பெயரைச் சொன்னோம். அப்புறம் அவர் காபி மட்டும் குடித்தார்.

பங்கை எப்படிப் பிரித்தீர்கள்?

இதில்தான் நன்றாக அடி வாங்கினோம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு 20 சதவீதம் என்று எழுதிக் கம்பெனியைப் பதிவு செய்தோம். நண்பர்கள்தானே, அதற்குமேல் என்ன பேசுவது என்று விட்டுவிட்டோம். மூன்றாவது மாசம் ஐந்தாவது ஆளுக்கு துபாயில் வேலை கிடைத்தது. போய்விட்டான். கோபமில்லை, அவன் வீட்டு நிலைமை அப்படி. ஆனால் 20 சதவீதம் அவன் பெயரிலேயே நின்றது. நாங்கள் ராத்திரி கண்விழித்துச் செய்வதில் ஐந்தில் ஒன்று துபாய்க்கு.

இதை அக்காவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா தம்பி, கரையில நின்னவனுக்கு யாராச்சும் பங்கு குடுப்பாங்களா?" என்றார்.

காசிமேட்டில் ஒரு போட்டு (படகு) கடலுக்குப் போய்வந்தால் டீசல், ஐஸ், அரிசி, பருப்பு என்று போன செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் போட்டுக்காரருக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம். ஆட்களுக்குள்ளேயும் டிரைவருக்குக் கூடுதல். சின்ன பைபர் போட் என்றால் வலைக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று போகும். கடலுக்குப் போகாத ஆளுக்கு அந்த நடையில், அதாவது அந்தப் பயணத்தில், பங்கில்லை. முதல் போட்டவருக்கு முதலுக்கான பங்கு, உழைத்தவருக்கு உழைப்புக்கான பங்கு. இரண்டையும் போட்டுக் குழப்பமாட்டார்கள்.

ஸ்டார்ட்அப் வக்கீல்கள் 'வெஸ்டிங்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பங்கு மொத்தமும் முதல் நாளே உங்களுடையது ஆகாது. வழக்கமாக நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் வருஷம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. வக்கீல் இதை முக்கால் மணி நேரம் விளக்கினார். அக்காவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது: "போன நடைக்குக் கணக்கு." எங்கள் ஒப்பந்தத்தை அப்படியே மாற்றி எழுதினோம். என் கடைச் சாமான், மாமா போட்ட ஓய்வூதியப் பணம் இதெல்லாம் முதலுக்கான பங்கு. மீதி நடைக்கணக்கு.

துபாய் நண்பன் நல்லவன், பேசிப் பேசி முகமதிப்புக்கே எழுதிக் கொடுத்தான். பங்கு மாற்ற எஸ்எச்-4 என்று ஒரு படிவம், கூடவே முத்திரைக் கட்டணம். எல்லாருக்கும் இப்படி நண்பன் அமையமாட்டான். முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பெரிய படிப்பு இல்லாதவர் டைரக்டர் ஆகலாமா?

ஆகலாம். கம்பெனிகள் சட்டத்தில் டைரக்டருக்குப் படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. பிரைவேட் லிமிடெட் தொடங்கக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும், அவ்வளவுதான்.

தொல்லை வேறு இடத்தில். டிஜிட்டல் கையெழுத்துக்கு பான் அட்டையில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் பொருந்தவேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. அக்காவுக்கு மூன்று அட்டையில் மூன்று பெயர். திருத்தி முடிக்க இரண்டு மாசம், அதில் ஏலத்தை விட்டுவிட்டு அலைந்தது எட்டு நாள். கம்பெனிக்குப் பெயர் யோசிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

எந்த மொழியில் எழுதினீர்கள்?

சர்வர் பக்கம் எஜாபர்டி என்ற மெசேஜ் மென்பொருள். காசு கொடுக்காமல் கிடைக்கும், எர்லாங் என்ற மொழியில் எழுதப்பட்டது. வாட்ஸ்அப்பும் எஜாபர்டியைத்தான் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. எர்லாங்கை எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகவே உருவாக்கியது. ஆயிரக்கணக்கான அழைப்பு ஒரே நேரத்தில் வரும், அதில் ஒன்று விழுந்தால் மற்றவை விழக்கூடாது. அதுதான் அதன் வேலை.

இந்தப் பெயரைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு பேச்சு ஓடுகிறது என்று அளக்கும் அலகுக்கே எர்லாங் என்றுதான் பெயர். டென்மார்க் கணித அறிஞர் ஒருவரின் பெயர் அது. "இத வெச்சுத்தான்டா முப்பது வருஷம் குப்பை கொட்டினேன்" என்று ஒரு நோட்டை எடுத்து, ஏலம் நடக்கும் மூன்று மணி நேரத்தில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் ஆப்பைத் திறப்பார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கை நம்பித்தான் சின்ன சர்வராக எடுத்தோம். இதுவரை தாங்குகிறது.

குரலைச் சுருக்கி அனுப்ப ஓபஸ் என்ற முறை. நொடிக்கு 16 கிலோபிட் வைத்தால் 30 நொடிக் குரல் வெறும் 60 கேபி. ஒரு நாளைக்கு 20 மெசேஜ் 500 பேருக்குப் போனாலும் மொத்தம் 600 எம்பிதான்.

மெசேஜ் அனுப்புவதில் என்ன பெரிய கஷ்டம்?

அனுப்புவது சுலபம். போய்ச்சேர்வதும், கேட்கவைப்பதும்தான் பாடு.

முதல் வாரம் நடந்தது இது. அக்கா 3.40-க்கு விலை சொல்கிறார். எங்கள் சர்வரில் 3.40-க்கே கிளம்பிவிட்டது. பெரம்பூர் அம்மாவுக்கு எட்டே காலுக்கு வந்திருக்கிறது. அதற்குள் ஏலம் முடிந்து கரையைக் கழுவிவிட்டார்கள். போனைக் கடைக்கு வாங்கிவந்து பார்த்தேன். ஆண்ட்ராய்டில் 2015 முதலே தூங்கும் போனைத் தொந்தரவு செய்யாமல் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குமேல், விலை குறைந்த போன்களில் சில கம்பெனிகள் தங்கள் பங்குக்கு ஒரு 'பேட்டரி சேவர்' வைத்து, கொஞ்ச நேரம் தொடாத ஆப்பை அடியோடு நிறுத்திவிடுகின்றன. பெரிய ஆப்களுக்கு மட்டும் விதிவிலக்கு. எங்களை யாருக்குத் தெரியும்?

அவசர நோட்டிபிகேஷனாக கூகுள் வழியே அனுப்பினால் பாதி சரியாகும். மீதிப் பாதியை நான்தான் சரிசெய்கிறேன்: போன் மாடலுக்கு மாடல் செட்டிங் வேறு, ஒவ்வொன்றாக உள்ளே போய் மாற்றவேண்டும். சர்வீஸ் கடைக்காரன் எதற்கு இந்தக் கம்பெனியில் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்தது கை. ஏலத்தில் நிற்பவர் கை ஈரம், செதில், ஐஸ் தண்ணி. ஈரக்கையில் தொடுதிரை கேட்காது, கைரேகையும் எடுக்காது. அக்கா முதல் நாள் போனை என் கையில் திணித்து, "நீயே அமுக்கு" என்று போய்விட்டார். அப்புறம் வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்தால் பதிவாகும்படி மாற்றினோம். ஆப் திறந்திருக்கும்வரை திரை அணையாது. பாலிதீன் உறைக்குள் போட்டாலும் பட்டன் வேலை செய்கிறது.

சத்தத்தைக் குறைக்கும் மென்பொருளும் சேர்த்துப் பார்த்தோம். ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தத்தை அழகாக நீக்கியது. கூடவே அக்கா ஏலம் விடும் கத்தலையும் இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிட்டது. எடுத்துவிட்டோம்.

பூட்டு, ரகசியம் எல்லாம் உண்டா? நீங்களே எழுதினீர்களா?

சொந்தமாக எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் கேட்கமுடியாதபடி பூட்டும் சிக்னல் ஆப்பின் முறையைத்தான் வாட்ஸ்அப்பே 2016-ல் எல்லாருக்கும் கொண்டுவந்தது. அதை அடிப்படையாக வைத்த ஓமீமோ என்ற ஏற்பாடு எஜாபர்டியோடு ஒத்துப்போகும். அதைப் பயன்படுத்துகிறோம். சிக்னல் வெளியிட்ட மென்பொருளை நேராக எடுக்க நினைத்தால் அதன் உரிமத்தை முதலில் படியுங்கள். உங்கள் ஆப்பின் கோட் முழுவதையும் எல்லாரும் பார்க்கத் திறந்து வைக்கவேண்டி வரும்.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டவில்லை. ஏல விலை கரையில் கத்திச் சொல்வது, அதைப் பூட்டி என்ன பயன்? "போன வாரப் பாக்கி இன்னும் தரலையே" என்று ஒருவருக்கு மட்டும் சொல்வதுதான் ரகசியம். தனி மெசேஜ் பூட்டோடு போகும், பொது அறிவிப்பு பூட்டில்லாமல் போகும், இரண்டும் திரையில் வேறு வேறு நிறம்.

ஓடிபி தமிழில் ஏன் வருவதில்லை?

காசுதான் காரணம். இங்கிலீஷ் எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70-தான். அதிலும் 'கொ' என்று எழுதினால் கணக்கில் இரண்டு. "உங்கள் எண்ணை உறுதிசெய்ய..." என்று மரியாதையாக ஆரம்பித்தால் அது இரண்டு எஸ்எம்எஸ் ஆகி இரட்டைக் கட்டணம். போதாததற்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். எங்கள் வாசகம் இரண்டு தடவை திரும்பி வந்தது. இப்போது மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அதுவே சரிபார்ப்பு. எங்கள் ஜனங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்க யாரும் சொல்லித்தரவேண்டாம்.

சட்டப்படி என்ன செய்யவேண்டும்?

சுருக்கமாக: 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளில் இருக்கும் கடுமையான கடமைகள் 50 லட்சம் பயனருக்கு மேல் இருப்பவர்களுக்கு. எங்களுக்கு அந்தக் கவலை இந்தப் பிறவியில் இல்லை. ஆனால் சின்ன ஆப்பும் குறைதீர் அலுவலர் பெயரை வெளியிடவேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்லவேண்டும், விதி சொல்லும் கெடுவுக்குள் முடிக்கவேண்டும். எங்கள் குறைதீர் அலுவலர் மாமா. சர்வரில் யாராவது புகுந்துவிட்டால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். 2023 தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, அதனால் பெரியவர்களை மட்டும்தான் சேர்க்கிறோம். மிச்சத்தை ஒரு நல்ல வக்கீலிடம் கேளுங்கள்.

புயலில் வேலை செய்யுமா? நடுக்கடலில்?

செய்யாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பல இடங்களில் போனே செத்துக் கிடந்தது. டவர் இல்லாவிட்டால் எங்கள் ஆப்பும் வெறும் பொம்மைதான். ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் போன் தொடர்பு நின்றுபோனதை வைத்துத்தான் 'லைன்' என்ற மெசேஜ் ஆப் பிறந்தது. ஆனால் அங்கே இன்டர்நெட் நின்றுபோகாமல் தாங்கியது. புளூடூத் வழியே போனுக்குப் போன் தாண்டவைக்கலாமே என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏலக்கூடத்துக்குள் சரி. பெரம்பூர்வரைக்கும் வழி நெடுக யார் போனைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்?

கடலில் இருப்பவர்கள் விஎச்எஃப் ரேடியோ செட்டில்தான் பேசுகிறார்கள். இஸ்ரோ தொழில்நுட்பத்தில், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டமும் நடக்கிறது. காற்று, அலை சொல்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் ஆப் ஏற்கெனவே இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நாங்கள் மூக்கை நுழைக்கமாட்டோம். கரைக்கு வந்த மீனோடு எங்கள் எல்லை முடிந்தது.

வருமானம்?

மீன்காரம்மாக்களுக்கு இலவசம். ஓட்டல்காரர்கள், மொத்த வியாபாரிகள் மாசம் 150 ரூபாய். வாட்ஸ்அப்கூட ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஒரு டாலர் வாங்கியது, 2016-ல்தான் நிறுத்தியது. சர்வர் செலவு போய், வியாசர்பாடிப் பெண்ணுக்கு ஒழுங்காகச் சம்பளம் போகிறது. மற்ற மூவரும் இன்னும் பழைய தொழிலில்தான் சாப்பிடுகிறோம். தமிழக அரசு ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் டான்சீட் நிதிக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த இரண்டு மாசம் விசைப்படகு வராது, வியாபாரிகளிடம் கட்டணம் கேட்க வாய் வராது. அப்போதுதான் ஆப்பைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிறோம். போட்டுக்காரர்களும் அதே சமயத்தில்தான் போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

ஆபீஸ் ஏன் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரில் இல்லை?

மூன்று மணிக்கு அக்கா போன் செய்து "சத்தமே போவல தம்பி" என்றால் ஓஎம்ஆரிலிருந்து எப்போது வந்து சேர்வது? என் கடைக்கு மேல் மாடிதான் ஆபீஸ். சந்திப்புக்கு வருபவர்கள் "ஏரியா சேஃப்தானே?" என்று ஒரு மாதிரி கேட்பார்கள். சினிமா பார்த்த பயம். மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் இறங்கி நடந்து வாருங்கள் என்று சொல்வேன். வழியில் யாரும் அரிவாளோடு நிற்பதில்லை. எம்.சி. ரோடு பக்கம் திரும்பினால் துணிக்கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், அந்த ஆபத்து மட்டும் உண்டு.

சோஹோவின் 'அரட்டை' மெசேஜ் ஆப் வந்துவிட்டதே, பயமில்லையா?

2021-லேயே வந்தது, 2025 செப்டம்பரில்தான் எல்லாரும் திடீரென்று இறக்கினார்கள். நானும் வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது. பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துப் பழக்கி வேலைக்கு வைக்கும் கம்பெனி என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அவர்கள் ஊர் முழுக்கப் பேச ஆப் செய்கிறார்கள். எங்களுக்கு ஒரு கரை, ஒரு ஏலம், மூன்று மணி நேரம். அதை விட்டுப் பெரிதாக்கலாம் என்று நடுவில் எனக்கே ஆசை வந்து, கோயம்பேடு காய்கறிக்கும் போடலாம் என்றேன். அக்கா, "அங்க யார தெரியும் உனக்கு?" என்று கேட்டார். தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. விட்டுவிட்டேன்.

நேரில் வந்து பார்க்கலாமா?

வாருங்கள், காலை ஒன்பது மணிக்குமேல். அதற்கு முன்னால் அக்கா ஏலத்தில் இருப்பார், மாமா தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கரையில் நிற்க இடம் இருக்காது. பழைய போன் ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்துவாருங்கள். சோதித்துப் பார்க்க எங்களுக்கு எல்லா மாடலும் வேண்டியிருக்கிறது.